வளவை உயர்த்தினால் வெள்ளம் போய்விடாது

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மாரிக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது என்றால் இன்று பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் நினைக்கிறார்கள்: டிப்பரில் கிரவல் கொண்டுவந்து பறித்து வளவை உயர்த்துவது. அதோடு சுற்றுமதிலும் முற்றத்துக்குச் சீமெந்துத் தளமும் சேர்ந்துவிட்டால் ஆயத்தம் முடிந்தது. மிஞ்சிய தண்ணீரை, வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை வெட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அந்த நினைப்பின் மறுபாதி. ஊர்க் கூட்டங்களிலும், மேசன்மாரின் வாயிலும், கடல்கடந்து காசு அனுப்பும் உறவினரின் யோசனையிலும் இது மறுபேச்சில்லாத உண்மையாக நிலைத்துவிட்டது. இது பிழையான கருத்து. ஆண்டுதோறும் அயல் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பிவைக்கும் கருத்து. மாரியில் ஒரு குடும்பத்தை உண்மையில் வருத்தும் கூரையையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும் கருத்தும் இதுவே.

மட்டக்களப்பின் ஆண்டு மழை சராசரியாக 1,650 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது. அதன் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டித் தீர்க்கிறது. 2010 டிசம்பர் தொடக்கத்திலிருந்து 2011 ஜனவரி நடுப்பகுதி வரையான ஆறு வாரங்களில் மட்டும் ஓராண்டு மழைக்குச் சற்றே குறைவான மழை பெய்தது. இலங்கையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்த அந்த வெள்ளத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் மட்டக்களப்பு முன்னின்றது. தண்ணீர் வடிந்து சனம் வீடு திரும்பிச் சேறு கழுவிக்கொண்டிருந்தபோதே, பெப்ரவரித் தொடக்கத்தில், இரண்டாம் முறையும் ஊர்கள் மூழ்கின.

இந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே வழியால் வருவதில்லை. வளவிலும் ஒழுங்கையிலும் நேரே பெய்து, போக இடமில்லாமல் தேங்குவது ஒன்று. மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் நிரம்பி வான் பாயும்போதும், முந்தனை ஆறு பெருகும்போதும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை மூடிக்கொண்டு வருவது இன்னொன்று. இவையெல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட வாவி, வாய் அடைபட்டிருக்கையில் மட்டம் உயர்ந்து கரையோரக் குடியிருப்புக்குள் ஏறுவது மூன்றாவது. மூன்றுக்கும் மேலாகக் காற்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயத்தம் வேறு. கிரவல் போடுவதே ஆயத்தம் என்கிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுக்கிறார்கள். அவர்களுடைய பிழை அங்கேதான் தொடங்குகிறது.

எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டி. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் அதன்மீது தொட்டுத் தொட்டுப் போகின்றன. மணல் தண்ணீரை விரைவாகக் குடிக்கும். ஆயினும் மார்கழி பிறக்கும்போது நிலத்தடி நீர்மட்டம் முற்றத்துக்கு மிகக் கிட்ட வந்துவிடும். பல வளவுகளில் கிணற்றுக் கட்டில் கைவைத்துக் குனிந்தே வாளியில் அள்ளலாம். அதன்பின் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்காமல் பள்ளம் தேடிப் போகும். முன்பு அதற்கென்று ஊருக்குள்ளேயே பள்ளக்காணிகளும் சிறுகுளங்களும் தோணாக்களும் இருந்தன. வீடுகள் மணல் மேட்டில் இருந்தன. தண்ணீர் மேடுகளுக்கு நடுவே கிடந்தது. சனம் பெருகி, சீதனத்துக்கும் விற்பனைக்குமாகக் காணி துண்டுதுண்டாகி, பள்ளங்களும் குடியிருப்புக் காணியாக விலைப்பட்டபோதுதான் கிரவல் வந்து சேர்ந்தது.

கிரவல் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 20 பேர்ச் காணியின் பரப்பு ஏறத்தாழ 506 சதுர மீற்றர். அதனை இரண்டு அடி உயர்த்தினால், வெள்ள நாளில் அந்த இடத்தில் தங்கியிருக்கக்கூடிய மூன்று லட்சம் லீற்றர் தண்ணீருக்கு இடம் இல்லாமற் போகிறது. அந்தத் தண்ணீர் உயர்த்தாத வளவைத் தேடிப் போகும். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது புதுமையல்ல. அப்படிப் பெய்தால் அதே 20 பேர்ச்சில் 50,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. 1,000 சதுர அடிக் கூரை மட்டும் அதில் 9,000 லீற்றருக்கு மேல் இறக்குகிறது. வளவு மேடாகவும் முற்றம் சீமெந்தாகவும் இருந்தால் இவ்வளவும் கடப்படியால் ஒழுங்கைக்கு வழிந்துவிடும். ஒழுங்கையில் பத்து வீடு உயர்ந்து இரண்டு வீடு பள்ளத்தில் கிடந்தால், பத்து வீட்டு மாரியையும் அந்த இரண்டு வீடுகள்தான் சுமக்கின்றன. கிரவல் வாங்க வழியில்லாத வீடு எது என்பதை ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. பின்னர் அவர்களும் கடன்பட்டு இரண்டரை அடி உயர்த்துவார்கள். பிரதேச சபை ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டு அதனையும் உயர்த்தும். முதலில் உயர்த்தியவரின் வளவு மறுபடியும் பள்ளமாகும். முடிவில் எல்லாரும் செலவழித்திருப்பார்கள். பழைய ஆழத்திலேயே தண்ணீர் நிற்கும்.

இதில் மதிலின் பங்கு தனியே பேசப்பட வேண்டியது. மதிலின் அடியில், ஒழுங்கைப் பக்கமாக, ஒரு கல்லை எடுத்துவிட்டு ஓட்டை விடுவது மேசன்மாரின் வழக்கம். அடைமழை பிடித்த இரண்டாம் நாள் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஊரின் நிலை விளங்கும். ஒரு மதிலில் பழைய உரச்சாக்கு சுருட்டித் திணிக்கப்பட்டிருக்கும். அடுத்ததில் உடைந்த கல்லும் களிமண்ணும். இன்னொன்றில் நிரந்தரமாகவே சீமெந்து பூசி மூடப்பட்டிருக்கும். சாக்குக் கசியும் இடத்தில் ஒரு மெல்லிய நீர்க்கோடு உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும். மதிலுக்கு அப்பால் முழங்கால் ஆழம், இப்பால் கணுக்கால்கூட இல்லை. அடைத்தவரைக் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. உள்ளே கைக்குழந்தையும் நெல் மூடையும் இருக்கின்றன. அவருக்கு வேறு வழி சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ஆனால் ஓட்டை அடைபட்ட மதில் ஓர் அணைக்கட்டு. ஒரு தனி வீட்டுக்காரர் ஊர்த் தண்ணீருக்கு அணை கட்ட உரிமை உள்ளவர் அல்லர். கிடுகு வேலியும் கம்பி வேலியும் இருந்த காலத்தில் வேலி ஆட்டையும் மாட்டையும் மறித்தது, தண்ணீரை மறிக்கவில்லை.

முற்றத்துக்குச் சீமெந்து போடுவதன் தீங்கு மாரியில் பாதியும் கோடையில் மீதியுமாகத் தெரியவரும். மணற்பட்டியின் அடியில் இருக்கும் நன்னீர், கடலிலிருந்தும் வாவியிலிருந்தும் ஊறிவந்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் இது நிகழ்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை அது உப்பைத் தள்ளிவைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே உள்ள அந்தச் சிறு உயரத்தைக் கொடுப்பது மாரி மழை ஒன்றே. ஒவ்வொரு முற்றமும் சீமெந்தானால் மழை வடிகானால் கடலுக்கும் வாவிக்கும் ஓடிவிடுகிறது. அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் கிணறு சவர்க்கிறது. கார்த்திகையில் தண்ணீரை வெளியே துரத்திய அதே வீடு ஆடியில் குடிநீர் பவுசருக்காக வாளியோடு காத்திருக்க நேர்வது இப்படித்தான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையின் கிணறுகளுக்கு நேர்ந்தது இதற்கு வலுவான சான்று. கடல் புகுந்த கிணறுகளை இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தால் உப்பு நீங்கிவிடும் என்று முதலில் எண்ணப்பட்டது. அளவுக்கு மீறி இறைத்ததனால் பல இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலே ஏறியது. மட்டக்களப்புக் கரையோரத்தில் கிணறுகளைக் கண்காணித்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவன ஆய்வாளர்கள், உப்பைக் கழுவி இறக்கியது அடுத்தடுத்த பருவ மழையே என்று கண்டார்கள். மண் வெறுமையாகத் திறந்து கிடந்ததனால்தான் மழைக்கு அது முடிந்தது.

அப்படியானால் வீட்டுக்குள் தண்ணீர் வரட்டும் என்று விட்டுவிடுவதா என்ற கேள்வி உடனே வரும். கேள்வி நியாயமானது. வீடு உயர வேண்டும். வளவு உயரக் கூடாது. இரண்டும் ஒன்றென்று குழப்பிக்கொண்டதுதான் இத்தனைக்கும் காரணம். பழைய மண்வீடுகளில் திண்ணையும் குந்தும் உயரமாக இருந்தன. அதற்கு வேண்டிய மண்ணை அதே வளவின் ஒரு மூலையில் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழி மாரியில் நிறைந்து, தையில் வற்றி, வாழைக்கும் தென்னைக்கும் ஈரம் கொடுத்தது. வெளியிலிருந்து ஒரு கூடை மண்ணும் வரவில்லை. ஆகவே தண்ணீருக்கிருந்த இடம் ஒரு கூடையளவும் குறையவில்லை. இன்றைய கல்வீட்டுக்கும் இதே முறை பொருந்தும். அத்திவாரத்தை வெள்ள அடையாளத்துக்கு மேலே இரண்டு, மூன்று படி உயர்த்திக் கட்டுவதற்கு, வளவு முழுவதையும் நிரப்புவதற்கு வேண்டியதில் ஒரு சிறு பங்கு மண்ணே போதும். வெள்ள அடையாளம் எது என்பதற்கு அளவைக் கருவி தேவையில்லை. பல வீட்டுச் சுவர்களில் பெருவெள்ளங்கள் விட்டுப்போன மண்ணிறக் கோடு இருக்கிறது, கோடு அழிந்த இடத்தில் அயலில் உள்ள முதியவர் கைகாட்டுவார்.

வயல் நிலத்தை நிரப்பி வீடு கட்டுவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடைசெய்கிறது. நெல் விளைவு குறைந்துவிடும் என்பது அச்சட்டத்தின் முதற் கவலையாக இருக்கலாம். வாவிக்கரை ஊர்களில் வயல் செய்யும் இன்னொரு வேலை, வெள்ளத்தைச் சில நாள் தாங்கி வைத்திருப்பது.

படுவான்கரைக்கு வந்தால் கிரவல் பேச்சே பொருத்தமற்றதாகிவிடுகிறது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களிலும், வடக்கே கிரானுக்கு மேற்கிலுள்ள ஊர்களிலும் வருவது பெருவாரியான ஆற்றுநீர். குளத்தின் வான்கதவு திறந்தால் சில மணித்தியாலத்தில் வயலும் வீதியும் ஒரே வெளியாகிவிடும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி மாரிதோறும் நீரில் மறைய, சனம் படகில் போய்வருகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் இரு கரைகளுக்கும் இடையே துறை கடக்கும் சிரமம் பெரிதும் குறைந்தது. ஆனால் பாலத்தின் அந்தக் கரையில் ஊருக்குப் போகும் உள்வீதி மூழ்கினால் பாலம் இருந்தும் பயனில்லை. இங்கே வீட்டின் ஆயத்தம் என்பது, நான்கைந்து நாள் ஊர் துண்டிக்கப்பட்டாலும் உள்ளே இருப்போர் தாக்குப்பிடிப்பதுதான். அரிசியும் பருப்பும் கருவாடும் தேங்காயும் வேண்டும். கொள்ளி பரண்மேல் இருக்க வேண்டும். நனைந்த கொள்ளி இருந்தும் இல்லாததே. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மருந்து ஒரு மாதத்துக்காவது கையிருப்பில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை தண்ணீர் புகாத உறையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் இவற்றை மீள எடுப்பதற்குக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில், மாதம் நெருங்கியதும் அவரை மட்டக்களப்புப் பக்கம் உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பது எல்லா ஆயத்தத்திலும் முந்தியது. மாட்டுப்பட்டியை மேட்டுத்தரைக்கு எப்போது நகர்த்துவது என்பதும் வான் பாயும் நாளில் முடிவு செய்யும் விடயமாக இருக்கக் கூடாது. நள்ளிரவில் கட்டவிழ்த்துவிடப்படும் மாடு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

இனி ஆற்றுவாய். வாவிக்குக் கடலோடு இரண்டு தொடர்புகள் உண்டு: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் வந்து அடைக்கும். மாரியில் மட்டம் உயர்ந்ததும் வெட்டித் திறப்பார்கள். வயல் மூழ்கிய விவசாயிகள் விரைவாகத் திறக்கச் சொல்வார்கள். மீனும் இறாலும் போய்விடும் என்ற கவலை வாவியை நம்பியோருக்கு உண்டு. திறப்பது தேவையான வேலைதான். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். வாவியின் மட்டத்தை அது குறைக்கும்; அதுவும் மெல்ல மெல்ல. வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. வாய்க்கு அருகே மட்டம் இறங்கினாலும் உட்பகுதியில் இறங்க நாள் எடுக்கும். வாவிக்கும் கடலுக்கும் உள்ள உயர வேறுபாடு சிறியது. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து அலை வாயை நோக்கி அடிக்கும்போது ஓட்டம் இன்னும் தளரும். மதில் சூழ்ந்த வளவில் தேங்கிய மழைநீருக்கோ ஆற்றுவாய் எதுவுமே செய்யாது. அந்த நீர் வாவிவரை போனால்தானே வாயால் வெளியேறும்! ஒழுங்கையையும் மதகையும் அடைத்துவைத்துக்கொண்டு, முகத்துவாரம் வெட்டவில்லை என்று அதிகாரிகளைக் குற்றஞ்சாட்டுவதில் நியாயம் இல்லை.

தண்ணீரை உயரத்தால் வெல்ல முடியும் என்று மிக உறுதியாக நம்பியவர்கள் ஒல்லாந்தர். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே நாட்டவர், தம் நாட்டில் நூற்றாண்டுக் கணக்காக ஆற்றங்கரை அணைகளை உயர்த்திக்கொண்டே வந்தார்கள். 1993இலும் 1995இலும் ஆறுகள் பெருகின; 1995இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் அவர்கள் எடுத்த முடிவு, பல இடங்களில் அணையைப் பின்னுக்கு நகர்த்தி, கரையோரத் தாழ்நிலத்தை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுப்பது. முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அந்த வேலை நடந்தது. பணமும் பொறியியலும் குறைவற இருந்த நாடே உயர்த்தும் வழியை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று திரும்பியிருக்கையில், ஒரு டிப்பர் கிரவலை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

கிரவல் கருத்தின் ஆகப் பெரிய தீங்கு, கவனம் முழுவதையும் காலடியில் வைத்து, தலைக்கு மேலே இருப்பதை மறக்கச் செய்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் பெரும்பகுதி வேரோடும் முறிந்தும் சாய்ந்தன. கூரைகள் ஊர் ஊராகப் போயின. அந்த ஒரு நாளின் நினைவு இப்பகுதியில் இன்னும் ஆறவில்லை. அதைக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டும் வீடுகளில் கூரை வெறுமனே சுவர்மேல் உட்கார்ந்திருப்பது வேதனையானது.

கல்வீட்டுக்கு ஆண்டுதோறும் கூரை வேலை தேவையில்லை என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. கிடுகு வீட்டில் வாழ்ந்தோர் மாரிக்கு முன் வேய்ந்தே ஆக வேண்டும். ஓலையை வாவியிலோ குளத்திலோ ஊறப்போட்டு, பின்னி, காயவைத்து, புரட்டாசிக்குள் கூரை ஏற்றிவிடுவார்கள். வேய்கிறவர் மேலே ஏறும்போது உளுத்த கைமரமும் அறுந்த கட்டும் கண்ணில் பட்டுவிடும். அந்த வேலையே ஒரு வருடாந்தப் பரிசோதனையாக இருந்தது. ஓடும் தகரமும் அஸ்பெஸ்டோஸும் வந்தபின் யாரும் மேலே ஏறுவதில்லை. கடலிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள் உள்ள வீட்டில் உப்புக்காற்று ஆணியைத் தின்கிறது. தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணி வெளியே நன்றாகத் தெரியும். மரத்துக்குள் இருக்கும் பகுதி துருவாக உதிரும். காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட, இறவாரத்திலும் மூலைகளிலும் அதைக் கிளப்பி எடுக்கப் பார்ப்பதே கூடுதலான ஆபத்து. முன்விறாந்தை திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை: ஓர ஆணிகளையும் அவற்றின் இறப்பர் வாசர்களையும் மாற்றுவது, கைமரத்தைச் சுவர்த்தலை மரத்தோடும், அந்த மரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் பிணைப்பது, நெகிழ்ந்த ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சாந்து வைத்து இறுக்குவது. இவற்றுக்கு ஆகும் செலவு வளவு நிரப்பும் செலவின் அருகில்கூட வராது. வீட்டுக்குமேல் சாய்ந்து நிற்கும் முருங்கையையும் வேப்பங்கொப்பையும் குறைப்பதும், தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்குவதும் இதே வேலையின் பகுதி. மரத்தையே தறித்துவிடுவது தேவையற்றது; அது நிற்கும் இடத்தில் மண் தண்ணீரைக் கூடுதலாக வாங்குகிறது.

கிணறும் மலசலகூடமும் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டியவை. மணல் நிலத்தில் குழியின் கழிவுநீர் கிணற்றை நோக்கி நகர்வதற்கு அதிக நாள் எடுக்காது. இரண்டுக்கும் இடையே 15 மீற்றர், அதாவது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது சுகாதாரப் பகுதியினர் வழக்கமாகச் சொல்வது. சிறிய காணிகளில் இது இல்லை. மாரியில் நிலநீர் உயர்ந்து குழிக்குள்ளேயே நின்றுவிட்டால் இடைவெளி இருந்தும் பயன் குறைவு. நிரம்பிய குழியைக் கோடையிலேயே இறைப்பிப்பது, மலசலகூடத்தின் தளத்தையும் குழியின் வாயையும் வெள்ள மட்டத்துக்கு மேலே கட்டுவது, கிணற்றுக் கட்டை இரண்டரை, மூன்றடிக்கு உயர்த்தி வெடிப்புகளைப் பூசி மூடுவது ஆகிய மூன்றும் பிள்ளைகளின் வயிற்றோட்டத்தைத் தடுக்கும் வேலைகள். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், வடிந்த பின் இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இட்டு, அதுவரை கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும். வளவை உயர்த்தியோரில் பலர் கிணற்றுக் கட்டை உயர்த்துவதில்லை என்பது கவனிக்கத்தக்கது; இரண்டடி கிரவல் விழுந்தபின் மூன்றடிக் கட்டு ஓரடிக் கட்டாகிவிடுகிறது. முற்றத்துக் கழிவுநீர் நேரே உள்ளே போகிறது.

நோய்களில் டெங்கு பெருவெள்ளத்தைவிடச் சிறுதண்ணீரையே விரும்புகிறது. நுளம்பின் முட்டை ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதல் மழை தொட்டதும் ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கும். ஆகையால் பீலியில் அடைந்த சருகு, கைவிட்ட நீர்த்தொட்டி, மதிலின்மேல் குத்திய போத்தல் ஓடு, கட்டுமானத்துக்கு வாங்கி மிஞ்சிய சீமெந்து வளையம் ஆகியவற்றை மழை தொடங்குமுன் பார்க்க வேண்டும். வயலுக்கு இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து வேறு. காலில் வெடிப்போ காயமோ உள்ளவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்ளின் பற்றிக் கேட்டு, அவர்கள் சொன்னபடி எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு வீட்டை அடைத்து வைப்பது என்ற எண்ணமும் இப்போது கரைகடந்து வந்திருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்போர் யன்னல் இடுக்கை மூடுவதும், காற்றுப் புகாமற் செய்வதும் அங்கே சரி. அங்கே குளிர் உயிரை வாங்கும். மட்டக்களப்பின் மார்கழியில் வீட்டைக் கெடுப்பது ஈரம். அடைத்த அறையில் ஒரே மாதத்தில் சுவரிலும் உடுப்பிலும் பாடப் புத்தகத்திலும் பூஞ்சணம் பிடித்துவிடும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அதுவே வினையாகும். சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துளை விடுவதும், சாரல் அடிக்காதபடி தாழ்வாரத்தை நீட்டுவதும், மழை விட்ட நேரம் யன்னலைத் திறந்துவிடுவதும்தான் இந்தக் காலநிலைக்கு உரிய முறை. கொங்கிறீட்டில் நேர்க்கோடாகத் தாழ்வாரம் இல்லாமல் எழுப்பப்படும் புதுப்பாணி முகப்புகள் இப்பகுதி மழைக்கு முற்றிலும் ஒவ்வாதவை.

ஆயத்தம் தொடங்கும் காலத்திலும் நடைமுறைக் கருத்து தவறுகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் கேட்டபின் செய்வதே ஆயத்தம் என்று பலர் இருக்கிறார்கள். அறிவித்தலுக்கும் தாழமுக்கம் கரைக்கு வருவதற்கும் இடையே கிடைப்பது சில நாட்கள். அந்த நாட்களில் மருந்தும் ஆவணமும் எடுத்து வைக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கூரையைப் பிணைக்கவோ, வாய்க்கால் வெட்டவோ, குழி இறைப்பிக்கவோ முடியாது. மழையில் மேசனும் வரமாட்டார், நிலநீர் உயர்ந்த இடத்தில் மண்வெட்டியும் இறங்காது. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த நாளிலிருந்து நவராத்திரி வரையான காலம்தான் இதற்குரியது. கச்சான் காற்றடித்து நிலம் காய்ந்து, கிணறு இறங்கி, மதகுகளின் அடி வெளியே தெரியும் நேரம் அது. ஐப்பசியில் பெய்யும் முதல் இடிமழையைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்: எந்த ஓட்டில் ஒழுக்கு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பவற்றை அது காட்டிவிடும். திருத்துவதற்கு அதன்பின்னும் சில வாரம் மிஞ்சும்.

வாய்க்கால் வேலை தனி வீட்டால் ஆகாது. ஓர் ஒழுங்கையின் வீடுகள் எல்லாம் கூடி, தண்ணீர் எந்த வளவால் எந்த மதகுக்குப் போவது என்று முடிவெடுத்து, ஒரே நாளில் வெட்ட வேண்டும். பொது வடிகானும் மதகும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பு. அவற்றைக் கோடையில் துப்புரவாக்கச் சொல்லிக் கிராம உத்தியோகத்தர் ஊடாக எழுத்தில் கேட்பது ஒழுங்கையின் பொறுப்பு. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடும் திட்டம் வரும்போது, ஓரத்தில் வடிகான் இல்லாமல், இருக்கும் மட்டத்துக்கு மேலே உயர்த்திப் போடுவதற்கு ஊர் இணங்கக் கூடாது. இப்போது பல ஊர்களில் அதற்குத்தான் மாலைபோட்டு வரவேற்பு நடக்கிறது.

ஏற்கெனவே நிரப்பிவிட்ட வளவுகளிலும் செய்வதற்கு உண்டு. மதில் அடியோட்டைகளைத் திறந்து, சாக்குக்குப் பதில் சருகு புகாத கம்பி வலை வைக்கலாம். மதில் ஓரமாக மூன்றடி அகலத்துக்குச் சீமெந்தை உடைத்து எடுத்து, கிரவலைக் கிண்டி அகற்றி, பழைய மணல் தெரியும்வரை இறக்கி, அந்தப் பட்டியில் வாழையும் கரும்பும் வைக்கலாம். கூரைப் பீலியை அந்தப் பக்கமாகத் திருப்பி, உடைந்த ஓடும் கல்லும் நிரப்பிய உறிஞ்சு குழிக்குள் விட்டால், ஐப்பசி மழையில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கும். மார்கழியில் நிலநீர் உயர்ந்தபின் குழி நிரம்பி நிற்கும். அப்போது மிகுதியை வாய்க்காலுக்குக் கொண்டுசெல்ல ஓர் ஓடை வேண்டும். அந்த ஓடை பக்கத்து வளவின் ஊடாகப் போவதாயின், முதல் வேலை ஆவணியிலேயே அந்த வீட்டுக்குப் போய் அவர்களோடு பேசுவது.